வெர்தூனில் நான் செத்த கதை

துலுக்காணம் வூடா? அதோ அந்தப் பச்சைக் கதவு. பூட்டிக் கிடக்குது பாருங்க. அவன் போன பங்குனியில போய்ச் சேந்துட்டான். பொண்ணு திண்டிவனத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்குது. வந்து காரியமெல்லாம் முடிச்சுட்டுப் பூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. உக்காருங்க தம்பி, இப்படி நெழல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

வெர்தூன் துலுக்காணத்தைப் பத்தித்தான கேக்க வந்தீங்க? தெரியும். தோள்ல கேமராப் பையைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. உங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க வந்தாங்க. எல்லாரும் அவன் வூட்டுக்குத்தான் வழி கேப்பாங்க, எங்கிட்டதான் கேப்பாங்க. நானும் கையைக் காட்டி அனுப்பி வைப்பேன். ஒருத்தராவது, "ஐயா, நீங்க யாரு, நீங்க என்னா வேஷம் கட்டுவீங்க"ன்னு கேட்டிருப்பாங்களா? கேக்கல. நீங்களும் கேக்கல. பரவால்ல, நானே சொல்றேன்.

நான் தாண்டவராயன். துரியோதனன் வேஷம். இந்தச் சுத்துப்பட்டுல துரியோதனன்னா நான்தான், வேற ஆள் கெடையாது. துலுக்காணம் எங்க கூத்து ஜமாவுல கட்டியக்காரன். அதாவது கோமாளி. ராஜா வர்றதுக்கு முன்னாடி வந்து நாலு சிரிப்புச் சொல்லிட்டு, ராஜா வந்ததும் ஓரமா நின்னுக்கணும். அவ்வளவுதான் அவன் வேலை. அந்த ஓரத்துல நிக்க வேண்டியவனைத் தேடித்தான் நீங்கல்லாம் வண்டி ஏறி வர்றீங்க. சரி, அதை விடுங்க.

படுகளம் பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. திரௌபதி அம்மன் திருவிழாவுல கடைசி நாள், பகல்ல நடக்கும். மண்ணால இம்மாம் பெரிய துரியோதனனைச் செஞ்சு மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. அதும்மேல நான் ஏறி நிப்பேன். பீமன் வந்து கதாயுதத்தால தொடையில ஒண்ணு வைப்பான். நான் விழுவேன். விழுந்ததும் ஊர்ப் பொம்பளைங்க அத்தினி பேரும் ஓடியாந்து சுத்தி உக்காந்து, மாருல அடிச்சுக்கிட்டு ஒப்பாரி வைப்பாங்க. கெட்டவன்தான், இல்லங்கல. ஆனா செத்தவன் செத்தவன்தான? அழணும். அது எங்க பக்கத்து வழக்கம்.

என் சாவைப் பாக்கறதுக்குன்னே வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க தம்பி. மத்தவன்லாம் அடி பட்டதும் தொப்புன்னு விழுவான். நான் அப்படி இல்ல. முதல்ல ஒரு சுத்து சுத்துவேன். அப்புறம் ஒரு காலை இழுத்துக்கிட்டு இன்னொரு சுத்து. கிரீடத்தைக் கழட்டிப் பாப்பேன், மறுபடி தலையில வெச்சுக்குவேன். அப்புறம் ஒரு பாட்டு. அதுக்கப்புறம்தான் விழுவேன். விழுந்த பிறகும் ஒரு தடவை எழுந்திரிக்கப் பாப்பேன். அந்த எடத்துல அழாத பொம்பளையை நான் பாத்ததே இல்ல. எப்படிப் பாத்தேன்னு கேக்கறீங்களா? செத்தவன் கண்ணை முழுசா மூடிக்கக் கூடாது. ஒரு கண்ணைப் பாதி தொறந்து வெச்சுக்கணும். இல்லன்னா யாரு அழறா, யாரு வெத்தல போடறான்னு எப்படித் தெரியும்?

வெர்தூனுக்கு வர்றேன், இருங்க.

இந்திரா அம்மா செத்துப் போயி ரெண்டாவது வருஷம்னு வெச்சுக்குங்க. பொங்கல் முடிஞ்ச கையோட ஒரு வாடகைக் காரு வந்து எங்க ஏகாம்பரம் வாத்தியார் வாசல்ல நின்னுச்சு. வாத்தியார்னா ஜமாவை நடத்தறவரு. கார்லேருந்து ஒரு அம்மா எறங்குனாங்க. வெள்ளைப் புடவை, கழுத்துல செபமாலை, கையில கறுப்புக் குடை. எழுபது வயசு இருக்கும், ஆனா முதுகு வளையல. பேரு பிலோமினா அம்மா. பாகூர்ப் பக்கம் சொல்தா வூடுன்னா எல்லாருக்கும் தெரியும். சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன், அப்பல்லாம் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சிதான. அந்தம்மாவுக்கு அப்பாவும் சொல்தா, வூட்டுக்காரரும் சொல்தா.

"நீங்கதான் கூத்து வாத்தியாரா? எனக்கு ஒரு கூத்துப் போடணும். வெர்தூன் சண்டை"ன்னாங்க.

எங்க வாத்தியாருக்குப் பாரதம் பூரா தலைகீழ்ப் பாடம். அவரு யோசிச்சுப் பாத்துட்டு, "அது எந்தப் பருவத்துல வருது தாயி?"ன்னு கேட்டாரு.

"பாரதத்துல வராது. பிரான்சுல வருது. அது ஒரு ஊரு. முதல் உலக யுத்தத்துல அந்த ஊர்ல நடந்த சண்டையிலதான் எங்கப்பா செத்தாரு."

நாங்க எல்லாரும் அங்கதான் உக்காந்திருந்தோம். நானு, பீமன் வேஷம் கட்டற கன்னியப்பன், துலுக்காணம். கன்னியப்பன் எனக்கு மச்சான் முறை, என் தங்கச்சியைக் கட்டுனவன். மேடையில வருஷா வருஷம் என்னைக் கொன்னுட்டு ராத்திரி என் வூட்டுலயே சோறு திம்பான்.

அந்தம்மா சொன்னாங்க. அவங்கப்பா பேரு ஞானாதிக்கம். அவரு கப்பல் ஏறும்போது இந்தம்மா வயித்துல. பொறந்த சேதி அவருக்குப் போச்சோ போகலியோ, தெரியாது. செத்துட்டாருன்னு மட்டும் சொன்னாங்களாம். பொணம் வரல, மண்ணு வரல, ஒண்ணும் வரல.

"எப்படிச் செத்தாருன்னு ஒருத்தரும் சொல்லல. பட்டாளத்துலேருந்து திரும்பி வந்த அத்தனை பேருகிட்டயும் எங்கம்மா கேட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் நான் கேட்டேன். சண்டையைப் பத்திச் சொல்றாங்க. ஜெனரலுங்க பேரைச் சொல்றாங்க. எங்கப்பா சாவைப் பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. சின்னப் பிள்ளையில உங்க படுகளத்தை வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்திருக்கேன். அந்த துரியோதனனுக்கு ஊரே அழுதுச்சு. எங்கப்பாவுக்கும் ஒரு தடவை அப்படி நடக்கணும். அவரு சாவை நான் என் கண்ணால பாக்கணும்"னாங்க.

சொல்லிட்டுக் குடையை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாங்க. அழல. எங்க வாத்தியார்தான் மூக்கை உறிஞ்சுனாரு. அவருக்குச் சளி.

அப்புறம் வாத்தியார் கதை கேக்க ஆரம்பிச்சாரு. எத்தினி நாள் சண்டைன்னாரு. பத்து மாசம்னாங்க. "பத்து மாசமா! பாரதப் போரே பதினெட்டு நாள்ல முடிஞ்சு போச்சே தாயி!" சரி, என்னாத்துக்குச் சண்டை, நெலமா, பொம்பளையான்னாரு. "எனக்கும் சரியாத் தெரியல. அந்த ஊரை விடக் கூடாதுன்னு இவங்க, புடிக்கணும்னு ஜெர்மன்காரங்க"ன்னாங்க. யாரு ஜெயிச்சது? "பிரான்சுன்னுதான் சொல்றாங்க. மாசியில எங்க நின்னாங்களோ, மார்கழியில ஏறக்குறைய அங்கயேதான் நின்னாங்களாம்." வாத்தியார் தலையைச் சொறிஞ்சாரு. ரெண்டு தரப்பும் நேருக்கு நேர் நின்னு சவால் விட்டுக்கிட்டாங்களான்னாரு. "முகத்தையே பாத்துக்கல. அவங்கவங்க குழி வெட்டி உள்ள உக்காந்திருந்தாங்க. மேலேருந்து குண்டு வந்துச்சு."

"சபதம்?"

"கெடையாது."

"கூந்தல் முடியற மாதிரி ஏதாச்சும்?"

அந்தம்மா மொறைச்சாங்க. வாத்தியார் அத்தோட நிறுத்திக்கிட்டாரு.

போகும்போது ரெண்டு நிபந்தனை போட்டாங்க. ஒண்ணு, பகல்ல நடத்தணும். பொழுது சாஞ்சா அவங்களுக்குக் கண்ணு தெரியாது. இன்னொண்ணு, "கூத்துல ஒரே ஒரு சாவுதான். எங்கப்பா சாவு. வேற ஒருத்தரும் சாகக் கூடாது."

இந்த ரெண்டாவது நிபந்தனை என் காதுல அப்ப சரியா விழல தம்பி. நான் அதுக்குள்ள மனசுல வேஷம் கட்ட ஆரம்பிச்சுட்டேன்.

வேஷம் பிரிக்கறதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஜெர்மன் ஜெனரல் யாரு? படையெடுத்து வர்றவன், பெரிய ராஜா, ஆணவக்காரன். கேக்கணுமா? நான்தான். பிரெஞ்சு ஜெனரல் கன்னியப்பன். ரெண்டு பேருக்கும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம், சலங்கை எல்லாம் உண்டு. ஜெனரலுக்குக் கிரீடம் ஏதுன்னு துலுக்காணம் கேட்டான். கிரீடம் இல்லாம அவன் பெரிய ஆளுன்னு சனத்துக்கு எப்படிடா தெரியும்னு நான் கேட்டேன்.

சொல்தா வேஷத்தை ஒருத்தனும் தொடல. கிரீடம் கெடையாது. திரைக்குப் பின்னாடி நின்னு பாடிக்கிட்டு வர்றது கெடையாது. "நானே இன்னார் வந்தேன்"னு பெருமை பேசற பாட்டு கெடையாது. குழிக்குள்ள உக்காந்திருக்கணும். யாருக்கு வேணும் அந்த வேஷம்? அதனால துலுக்காணத்துத் தலையில கட்டிட்டோம். அவன் யாரோ ஊர்க்காவல் படைக்காரன்கிட்டேருந்து ஒரு காக்கிக் கால்சட்டை வாங்கியாந்தான். இரும்புத் தொப்பிக்கு அலுமினியக் குண்டானைக் கவுத்துக்கிட்டான். ஒத்திகையில அவன் அதைப் போட்டுக்கிட்டு வந்ததும் எங்களுக்கு வயிறு புண்ணாப் போச்சு.

ஒத்திகையில என் பாட்டெல்லாம் முடிஞ்சுது. "வாத்தியாரே, நான் எப்பச் சாவறது?"ன்னேன்.

"நீ சாவல."

"எந்தக் கட்டத்துல?"

"எந்தக் கட்டத்துலயும் இல்லடா. ஜெனரலுங்க சாவலயாம். துலுக்காணம் மட்டும் குழியிலேருந்து எழுந்து வந்து, ஒரு பாட்டுப் பாடிட்டுச் சாவறான். அந்தம்மா கண்டிப்பாச் சொல்லிடுச்சு."

நான் சலங்கையைக் கழட்டி வெச்சுட்டேன். நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. கிரீடம் வெச்சவன் உயிரோட வூட்டுக்குப் போறான், கோமாளி சாவறான். இது என்னா கூத்து? என்னை வெச்சுக்கிட்டு என்னைச் சாக விடலன்னா, எதுக்கு என்னைக் கூப்புடணும்? ரெண்டு நாள் வாத்தியாரோட பேசல. என் வூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "சாகலன்னா நல்லதுதான, புடவை அழுக்காவாது"ன்னா. ராஜா வேஷத்துக்கு உடுத்தறது அவ கல்யாணப் புடவை. அவளுக்கு என் கஷ்டம் எங்கே புரியப் போவுது.

வயிறு எரிஞ்சுது தம்பி. மறைக்கறதுக்கு என்னா இருக்கு. மத்தளக்காரரைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நான் வலது கையைத் தூக்குனா நீங்க படுகள அடி போடுங்க, துரியோதனன் விழும்போது அடிக்கற அடி. மத்தது நான் பாத்துக்கறேன்." அவரு நம்ம பங்காளி. சரின்னுட்டாரு.

மாசி மாசம் நடந்துச்சு கூத்து. சண்டை ஆரம்பிச்ச மாசம்னு அந்தம்மா தேர்ந்தெடுத்த நாள். மாதாகோயில் வளாகத்துல எடம் கேட்டதுக்குச் சாமியார் முகம் கொடுக்கல. அதனால அந்தம்மாவோட மாந்தோப்புலயே வெச்சாங்க. காலையிலயே துலுக்காணம் போயி குழி வெட்டுனான். அவனேதான் வெட்டுனான். உக்காந்தா கழுத்து வரைக்கும் மறையற ஆழம். இந்த வேலையெல்லாம் அவனுக்கு நல்லா வரும்.

பகல்ல வேஷம் கட்டிப் பாத்திருக்கீங்களா? வேர்வையில அரிதாரம் வழிஞ்சு வாய்க்குள்ள போவுது. திரை புடிச்சா திரைக்குக் கீழ எங்க காலு தெரியுது, சின்னப் பசங்க காலைப் பாத்தே யாரு யாருன்னு சொல்லிடறானுங்க. இருந்தாலும் நான் வந்தேன் பாருங்க, சலங்கை அதிர! மூணு ஊரு சனம், இந்துவும் இருக்காங்க, வேதக்காரங்களும் இருக்காங்க, அப்படியே வாயடைச்சுப் போச்சு. "மண்டலம் நடுங்க வந்தேன், வெர்தூனை வெண்ணெயா உருக்க வந்தேன்"னு பாடுனேன். நானே கட்டுன பாட்டு. கன்னியப்பன் அந்தப் பக்கத்துலேருந்து, "என் ஊருக்குள்ள ஒரு ஈ நுழைய முடியுமா?"ன்னு பதில் பாடுனான். பிரமாதமா இருந்துச்சு. பிலோமினா அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தாங்க. அவங்க அதுல உக்காரல. முன்னாடி வந்து தரையில உக்காந்துக்கிட்டாங்க, குழிக்கு நேரா.

அப்புறம் துலுக்காணம் வந்தான். குண்டானைப் பாத்ததும் சனம் சிரிச்சுது. அவன் நேராப் போயிக் குழிக்குள்ள உக்காந்துக்கிட்டான். தலை மட்டும் தெரியுது. நான் இந்தப் பக்கம், கன்னியப்பன் அந்தப் பக்கம், நடுவுல குழி. நாங்க ரெண்டு பேரும் அவன் தலைக்கு மேல சவால் விட்டுக்கிட்டே இருக்கோம். மத்தளம் இடிக்கும்போதெல்லாம் அவன் தலையை உள்ள இழுத்துக்குவான், ஆமை மாதிரி. இடி நின்னதும் மெதுவா வெளிய நீட்டுவான்.

ஒரு தடவை தலையை நீட்டி என்னைக் கேட்டான். "மகாராஜா, நான் யாரைச் சுடணும்?"

"நான் எதிரி ராஜாடா, என்னைக் கேக்கற!" சனம் கொல்லுன்னு சிரிச்சுது.

கன்னியப்பன் பக்கம் திரும்பி, "அப்ப மகாராஜா, நீங்க சொல்லுங்க, யாரைச் சுடணும்?"ன்னான். கன்னியப்பன் என்னைக் காட்டுனான். துலுக்காணம் என்னை உத்துப் பாத்தான். "இவரு ரொம்ப தூரத்துல நிக்கறாரு. இவருக்கு முன்னாடி என்னோடது மாதிரியே ஒரு குழி தெரியுது, அதுல ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனும் என்னை மாதிரியே குண்டான் கவுத்திருக்கான். அவனையா?"ன்னான்.

இது வாத்தியார் எழுதிக் குடுத்ததுல இல்ல. அங்க வேற குழியும் இல்ல, அவனா வுட்ட கதை. சிரிச்சவங்க பாதிப் பேரு சிரிப்பை நிறுத்திட்டாங்க.

அப்புறம் அவன் வயித்தைத் தடவிக்கிட்டே சொன்னான். "ஊர்ல எனக்கு ஒரு பிள்ளை பொறக்கப் போவுது. ஆணோ பொண்ணோ, தெரியல. மாம்பழக் காலத்துல பொறக்கும்." பிலோமினா அம்மா கழுத்துச் செபமாலையைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் முன்னாடி நகந்து உக்காந்தாங்க. ஒருத்தரும் என்னைப் பாக்கல. கிரீடம் வெச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறேன், ஒரு பய பாக்கல! இப்ப நினைச்சாலும் ஆறல.

இனிமே அவன் எழுந்து நடுவுல வந்து பாட்டுப் பாடிச் சாகணும். அவன் குழி வரப்புல கையை ஊனுனான். எழுந்திரிக்கறான். நான் வலது கையைத் தூக்கிட்டேன்.

படுகள அடி விழுந்துச்சு தம்பி! அந்த அடியைக் கேட்டுப் பழகுன கை கன்னியப்பனோடது. அவன் பிரெஞ்சு ஜெனரலுங்கறதையே மறந்துட்டான். கதாயுதத்தை ஓங்கிக்கிட்டு ஓடியாந்து என் தொடையில வெச்சான் பாருங்க ஒண்ணு! நெசமாவே வலிச்சுது. நான் சுத்துனேன். காலை இழுத்துக்கிட்டு மறுபடி சுத்துனேன். கிரீடத்தைக் கழட்டிப் பாத்தேன். பாட்டுப் பாடுனேன், மூணு கண்ணி. அந்த வெயில்ல, அந்தப் புழுதியில, என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு சாவு நான் செத்ததில்ல. சனம் எழுந்து நின்னுடுச்சு. விழுந்தேன். எழப் பாத்தேன். திரும்ப விழுந்தேன். அவ்வளவுதான், பொம்பளைங்க அத்தினி பேரும் ஓடியாந்தாங்க. பழக்கம் தம்பி! என்னைச் சுத்தி உக்காந்து மாருல அடிச்சுக்கிட்டு, "மலையே சாஞ்சியே, மகராசா போனியே"ன்னு ஒப்பாரி. வேதக்காரப் பொம்பளைங்களும் சேந்து அழறாங்க. ஜெர்மன் ஜெனரலுக்குப் பாகூர்ப் பொம்பளைங்க அழறாங்க! எங்கயாவது நடக்குமா?

நான் ஒரு கண்ணைப் பாதி தொறந்து பாத்துக்கிட்டிருந்தேன். அழற பொம்பளைங்க காலுக்கு நடுவுல குழி தெரியுது. துலுக்காணம் எழுந்து நின்னுக்கிட்டிருந்தான். பாடறதுக்கு வாயைத் தொறந்தான். சுத்திப் பாத்தான். எல்லாரும் என் பக்கம் திரும்பியிருக்காங்க, பிலோமினா அம்மா உட்பட. வாயை மூடிக்கிட்டான். திரும்பக் குழிக்குள்ள எறங்குனான். குண்டானை முகத்து மேல இழுத்து வுட்டுக்கிட்டு வரப்புல தலையைச் சாச்சுட்டான். பாட்டுப் பாடல, ஒண்ணும் பாடல. சோம்பேறி. கஷ்டப்பட்டு வாத்தியார் எழுதுன பாட்டு.

கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க. குழியில அவன் கெடக்கறான்.

"எப்பச் செத்தாரு?"ன்னாங்க.

பக்கத்துல இருந்த பொம்பளையைப் புடிச்சு உலுக்குனாங்க. "எப்பச் செத்தாரு? யாராவது பாத்தீங்களா?" ஒப்பாரி நின்னு போச்சு. அங்க இருந்த அத்தினி பேருல பாத்தவன் நான் ஒருத்தன்தான். நான்தான் செத்துக் கெடக்கறேனே, எப்படிச் சொல்றது? வேஷத்துக்குன்னு ஒரு தருமம் இருக்குல்ல?

அந்தம்மா எழுந்து போனாங்க. குழி வரப்புல மெதுவா உக்காந்து காலை உள்ள வுட்டாங்க. குண்டானை எடுக்கல. அது மேலயே கையை வெச்சாங்க. வெச்சு, "அப்பா"ன்னாங்க. சத்தம் போட்டுக் கூப்பிடல. பிள்ளைங்க பக்கத்து ரூம்ல இருக்கற அப்பாவைக் கூப்பிடுமே, அந்த மாதிரி. எழுபது வயசுல அந்த வார்த்தையை ஒருத்தரைப் பாத்துக் கூப்புட்டது அதுதான் முதல் தடவைன்னு பின்னாடி சொன்னாங்களாம். ரொம்ப நேரம் என்னென்னமோ பேசிக்கிட்டே இருந்தாங்க, மெதுவா. துலுக்காணம் அசையல. அவனால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாது, வாத்தியார்கிட்ட அதுக்கே எத்தினி தடவை திட்டு வாங்கியிருக்கான். மாமரத்து எறும்பு அவன் கழுத்துல ஊறுது, எனக்குத் தெரியுது. அசையல. நான்தான் தொடை வலி தாங்காம எழுந்து உக்காந்துட்டேன். யாரும் கவனிக்கல.

எல்லாம் முடிஞ்சு நான் அந்தம்மாகிட்டப் போனேன். வேஷம் கலைக்காமதான் போனேன். "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னேன்.

என்னைப் பாத்தாங்க. கண்ணு செவந்திருந்துச்சு. "நீ நல்லாத்தாம்ப்பா செத்தே. ஊரே உன்னைத்தான் பாத்துச்சு. அங்கயும் இப்படித்தான் நடந்திருக்கும்"னாங்க.

கேட்டீங்களா? வெர்தூன்ல நடந்த மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க! பிரான்சு வரைக்கும் விசாரிச்சுத் தெரிஞ்சவங்க வாயால! இதைவிட ஒரு வேஷக்காரனுக்கு என்னா பட்டம் வேணும்? ஆனா வாத்தியார் ஒரு மாசம் என்னோட மொகம் குடுத்துப் பேசல. அவரு எழுதுன பாட்டு போச்சேன்னு கோவம். பெரிய மனுஷனுக்கும் பொறாமை உண்டு தம்பி.

வரும்போது மாட்டு வண்டியில துலுக்காணத்தைக் கேட்டேன், ஏண்டா பாடலன்னு. "அங்க எவண்ணே பாடியிருப்பான்"னான். அவ்வளவுதான் சொன்னான். கழுத்தெல்லாம் எறும்பு கடிச்சுத் தடிச்சிருந்துச்சு. தேங்கா எண்ணெய் தடவி வுட்டேன்.

அதுலேருந்து அவன் வெர்தூன் துலுக்காணம். கூத்து நோட்டீசுலயே அப்படிப் போட ஆரம்பிச்சாங்க. சண்டைக்கு அந்த ஊர் பேரு, எங்க கோமாளிக்கும் அந்த ஊர் பேரு. அங்க செத்தது நானு, பேரு அவனுக்கு. இதுதான் என் வயித்தெரிச்சல், வேற ஒண்ணும் இல்ல.

இன்னும் கேளுங்க. அந்தக் குழியை மூட வேணாம்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்களே ஆளை வுட்டு மண்ணைத் தள்ளி மேடாக்கி, சுண்ணாம்பு அடிச்சு, ஒரு சிலுவை நட்டாங்க. சிலுவையில ஞானாதிக்கம்னு எழுதியிருக்கும். உள்ள ஒண்ணும் கெடையாது, துலுக்காணத்தோட குண்டான் மட்டும்தான். அன்னைக்கு அதை அங்கயே வுட்டுட்டு வந்துட்டான். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்புனாங்க. துலுக்காணம் போனான். நானும் போனேன், பக்கத்து ஊர்ல மாடு பாக்கற வேலை இருந்துச்சு, அப்படியே போனேன்.

பாத்தா, மேட்டு மேல ரெண்டு மெழுகுவத்தி எரியுது. செத்தது ஒருத்தரு, மெழுகுவத்தி எதுக்கு ரெண்டுன்னு கேட்டேன்.

"ஒண்ணு எங்கப்பாவுக்கு. இன்னொண்ணு அந்தப் பக்கத்து ஆளுக்கு"ன்னாங்க.

தம்பி, எனக்கு அப்படியே ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பக்கத்து ஆளு யாரு? ஜெர்மன்காரன். ஜெர்மன்காரன் யாரு? நான்தான! என் சாவு அந்தம்மா மனசுல எப்படிப் பதிஞ்சிருந்தா எனக்குன்னு தனியா ஒண்ணு ஏத்தி வெச்சிருப்பாங்க! துலுக்காணத்தைப் பாத்தேன். அவன் என்னவோ என் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சான். அப்புறம், "ஆமாண்ணே, அது உன்னோடதுதான்"னான். பாருங்க, அவனே ஒத்துக்கிட்டான்.

அதுலேருந்து ஒரு வருஷம் வுட்டதில்ல. அந்தம்மா இருக்கற வரைக்கும் அவங்க ஏத்துனாங்க. அவங்களையும் அந்தத் தோப்புலயே பக்கத்துல வைக்கணும்னு கேட்டாங்க, சாமியார் வுடல, கல்லறைத் தோட்டத்துலதான் வெச்சாங்க. அதுக்கு அப்புறம் துலுக்காணம் ஏத்துனான். நான் கூடப் போவேன். ஐப்பசிக் காத்து ஒரு எடத்துல நிக்காது பாருங்க, அந்த ரெண்டாவது மெழுகுவத்தி அடிக்கடி அணைஞ்சுடும். ஓரத்துல இருக்கறது அதுதான். நான் துண்டை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நிப்பேன், அது கரையற வரைக்கும். என்னோடது இல்லையா? நான்தான பாத்துக்கணும்?

போன வருஷம் அவனும் நானும் போனோம். அவனுக்கு மூச்சு வாங்குது, வரப்புல உக்காந்துக்கிட்டான். "அண்ணே, அடுத்த வருஷம் நான் வரலன்னா ரெண்டையும் நீ ஏத்துவியா?"ன்னான். "என்னோடதை நான் ஏத்துவேன், உன்னோடதை நீ வந்து ஏத்துடா"ன்னேன். சிரிச்சான். பங்குனியில போயிட்டான். அவன் இல்லாம எனக்குச் சண்டை போட ஆள் இல்ல தம்பி. நெசமாச் சொல்றேன், ரொம்பக் கஷ்டமா இருக்குது.

இன்னைக்கு என்னா நாள்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாமதான் வந்திருக்கீங்க. இன்னைக்குத்தான் கல்லறைத் திருநாள். கடையில மெழுகுவத்தி வாங்கி மடியில வெச்சிருக்கேன், பாருங்க, ரெண்டுதான். அவனோடதை முதல்ல ஏத்திடுவோம், இல்லன்னா மேலேருந்து கத்துவான். உங்க வண்டியில ரெண்டு பேரு போலாமா? வாங்க, போட்டோ அங்க வந்து எடுத்துக்குங்க. காத்து அடிக்குது, நீங்க ஒரு பக்கம் துண்டைப் புடிங்க, நான் ஒரு பக்கம் புடிக்கறேன். எது என்னோடதுன்னு காட்டறேன்.